700 ஆண்டு பழமையான கத்தியா? மொராக்கோ 'கும்மியா'வின் வயதை அறிவது எப்படி?

மாதுங்காவில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணாச்சி சரக்குக் கப்பலில் பிட்டர். மொராக்கோ நாட்டின் காசாபிளாங்கா துறைமுகத்தில் வாங்கிய வளைந்த கத்தி ஒன்றை என்னிடம் காட்டினார். அலகில் '1320' என்று வெட்டியிருந்தது.

"தம்பி, 700 வருசத்துக் கத்தி! இதை வித்துத்தான் மக காலேஜ் பீஸ் கட்டணும்" என்றார்.

இந்தக் கத்திக்கு 'கும்மியா' என்று பெயர். உறையில் உள்ள இரண்டு வளையங்களில் கயிறு கோர்த்து, தோளில் குறுக்காக மாட்டி, இடது பக்கம் தொங்கவிடுவது அந்த நாட்டு ஆண்களின் வழக்கம்.

1320 என்பது ஹிஜிரி ஆண்டாக இருந்தாலும், நம் கணக்கில் 1902தான். அதுவும் எண்ணை யாரும், எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம் அல்லவா?

1912 முதல் 1956 வரை மொராக்கோவின் பெரும்பகுதி பிரெஞ்சுக்காரர்களின் பாதுகாப்பில் இருந்தது. சுற்றுலாப் பயணிகள் வர வர, விற்பதற்கென்றே கத்தி செய்வது பெருகியது.

அலகைப் பாருங்கள்

இடுப்பில் வைத்துப் பயன்படுத்திய கத்தியின் அலகு கனமாக இருக்கும். முனைப் பக்கம் இருபுறமும் கூர் இருக்கும். கடைச் சரக்கோ தகடு மாதிரி. கூரே தீட்டியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது தேய்மானம். பல ஆண்டு தோளில் தொங்கியிருந்தால் வளையமும் அது உரசும் இடமும் தேய்ந்திருக்கும். உடையில் உரசிய உறையின் பின்பக்கம் வழவழப்பாகியிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே சீராகத் துரு இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கைப்பிடி எலும்பு என்பார்கள். பூதக்கண்ணாடி வைத்தால் எலும்பில் நுண்ணிய துளைகள் தெரியும். பிளாஸ்டிக்கில் தெரியாது.

வெள்ளியா?

'ஜெர்மன் சில்வர்' என்பதில் வெள்ளி பொட்டுக்கூட இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். அதற்காக, பித்தளை என்றாலே போலி என்று தள்ளிவிடக் கூடாது. நல்ல பழைய கத்திகளிலும் பித்தளை வேலைப்பாடு உண்டு. பித்தளைக்கு வெள்ளைப் பூச்சு பூசி 'வெள்ளி' என்று விற்பதுதான் மோசடி.

அண்ணாச்சி வீட்டில் அதுதான் நடந்தது. அண்ணி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க, உறையின் ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது! (உண்மையான பழங்கத்தியை இப்படித் தேய்த்தால் விலையே போய்விடும்.) நகை ஆசாரி உரைகல்லில் உரசிப் பார்த்து, "பித்தளை" என்று கையில் கொடுத்துவிட்டார்.

அண்ணாச்சி மாதச் சீட்டைத் தள்ளி எடுத்து பீஸ் கட்டினார். கத்தி, காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் தொங்குகிறது.