28 வருஷம் இழுத்த லஞ்ச கேசு ரத்து. 37 வருஷம் இழுத்த கொலை கேசுக்கு மறுப்பு! காரணம் என்ன?

"பத்து வருஷம் இழுத்துட்டா கேசு தானா தள்ளுபடி ஆயிடுமாமே!"

கோர்ட்டு வாசல் டீக்கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் கிடையாது. ஆனால் தாமதத்துக்காகவே ரத்தான கேசு உண்டு.

ரூ.1,000 லஞ்சம்

பீகார் மின்சார வாரிய என்ஜினீயர் ஒருவர் காண்டிராக்டரிடம் 1,000 ரூபாய் லஞ்சம் கேட்டதாக 1981-ம் ஆண்டு போலீசார் வழக்கு போட்டனர். மறு வருஷமே குற்றப்பத்திரிகையும் தாக்கல் ஆனது.

பிறகுதான் சிக்கல். புலன்விசாரணை நடத்திய இன்ஸ்பெக்டருக்கு அந்த அதிகாரமே இல்லையாம்! 1990-ல் பாட்னா ஐகோர்ட்டு, உரிய அதிகாரியை வைத்து 3 மாதத்தில் மறுபடி விசாரிக்க உத்தரவிட்டது.

3 மாதம் போனது. 3 வருஷமும் போனது. ஒரு அதிகாரியும் ஃபைலைத் திறக்கவில்லை. 1998-ல் என்ஜினீயரே கேசை ரத்து செய்யக்கோரி ஐகோர்ட்டு படி ஏறினார். அந்த மனு விசாரணைக்கு வந்த பிறகுதான் போலீசாருக்கு ஞாபகம் வந்தது. புது குற்றப்பத்திரிகை போட்டது 2007-ல்!

ஐகோர்ட்டு கைவிட்டாலும் 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு கேசை அடியோடு ரத்து செய்தது. தாமதத்தில் என்ஜினீயருக்குப் பங்கில்லை. அரசு தரப்பிலோ சொல்லும்படி காரணம் இல்லை.

தாமதம் யாரால்?

இதற்கு அடிப்படை, மராட்டிய முன்னாள் முதல்-மந்திரி அந்துலே வழக்கில் 1991-ல் 5 நீதிபதிகள் அளித்த தீர்ப்பு. சீக்கிரம் விசாரிக்கப்படுவது குற்றவாளிக்கூண்டில் நிற்பவரின் அடிப்படை உரிமை. போலீஸ் விசாரணை முதல் அப்பீல் வரை அது பொருந்தும். ஆனால் இத்தனை வருஷம் என்று கெடு கிடையாது. தாமதம் யாரால், ஏன், குற்றம் எவ்வளவு பெரிது என்று பார்க்க வேண்டும். ரத்து செய்வதற்குப் பதில், குறித்த நாளுக்குள் முடிக்கச் சொல்லியும் உத்தரவு போடலாம்.

இடையில் 1996, 1998-ம் ஆண்டு தீர்ப்புகளில் சுப்ரீம் கோர்ட்டே கெடு வைத்துப் பார்த்தது. உதாரணமாக, 7 வருஷம் வரை தண்டனை உள்ள குற்றமானால் அரசு தரப்பு சாட்சியம் 2 வருஷத்தோடு சரி. 2002-ல் 7 நீதிபதிகள் அந்த கெடுக்களை நீக்கிவிட்டனர். சட்டம் இயற்றுவது கோர்ட்டு வேலை அல்ல என்று கூறிவிட்டனர்.

மந்திரி கொலை

அடுத்து கொலை கேசு. ரெயில்வே மந்திரி எல்.என்.மிஸ்ரா, 1975 ஜனவரி 2-ந்தேதி பீகார் சமஸ்திபூரில் ரெயில்வே விழாவுக்கு வந்தபோது வெடிகுண்டு வீசப்பட்டது. மறுநாள் இறந்தார். 1979-ல் கேசு டெல்லிக்கு மாற்றப்பட்டது. நீதிபதிகள் மாறினார்கள், வாய்தா மட்டும் மாறவில்லை.

37 வருஷம் ஆகிவிட்டது, ரத்து செய்யுங்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் சுப்ரீம் கோர்ட்டில் முறையிட்டனர். 2012 ஆகஸ்டில் மனு தள்ளுபடி ஆனது. வாய்தா கேட்டு இழுத்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று நீதிபதிகள் சுட்டிக்காட்டினர். தானே வாய்தா வாங்கிவிட்டு "கேசு இழுக்குதே" என்று அழுதால் எடுபடுமா? தினமும் நடத்தி முடிக்க உத்தரவானது.

2014 டிசம்பரில் 4 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான வக்கீல் கைதானபோது வாலிபர். தீர்ப்பைக் கேட்டபோது அறுபதைத் தாண்டியிருந்தார்.