ஏரி சிறுத்தது, ஏழையின் ஆறு எங்கே?

அணைக்கட்டே கூடாது என்பவர்களல்ல நாம். ஆலை ஓட மின்சாரம் வேண்டும். குடிசையிலும் விளக்கெரிய வேண்டும். கரி எரித்துப் புகை கக்குவதைவிட, ஓடும் நீரில் மின்சாரம் எடுப்பது மேல்தான். ஆனால் அதற்கு விலை கொடுப்பவன் யார்? அதுதான் நம் கேள்வி.

பிரேசில் நாட்டைப் பாருங்கள், தோழர்களே! அமேசான் காட்டிலே, 1987-இல் பல்பினா அணையை மூடினார்கள். சமதள பூமி, தண்ணீர் பரந்து நின்றது. ஏறத்தாழ 2,360 சதுர கிலோ மீட்டர் மூழ்கியது. கிடைத்த திறன் எவ்வளவு? வெறும் 250 மெகாவாட்! கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதை! மூழ்கிய மரங்கள் அழுகி மீத்தேன் வாயுவைக் கக்கின. பழங்குடி மக்களின் மண்ணும் நீருக்கடியில் போயிற்று.

பராகுவேயுடன் சேர்ந்து அதே பிரேசில் கட்டிய இத்தாய்ப்பு அணையின் ஏரி 1,350 சதுர கிலோ மீட்டர். திறனோ 14,000 மெகாவாட்! அங்கும் இழப்பு உண்டு. ஆயினும் இடம் தேர்வதிலேயே பாதிக் கேடு தீர்மானமாகிவிடுகிறது என்பது தெளிவு.

பாடம் கற்றுவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு வந்தது பெலோ மோண்டே. ஷிங்கு ஆற்றில் அணை என்றதும், 1989-இல் அல்தமிரா நகரிலே பழங்குடி மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். திட்டம் கிடப்பில் விழுந்தது. பிறகு திருத்தினார்கள். 1,200 சதுர கிலோ மீட்டருக்கு மேல் இருக்கவேண்டிய ஏரி சுமார் 500 ஆயிற்று. "பாதிப்புக் குறைவு" என்று பறைசாற்றினார்கள். 2019-இல் 11,233 மெகாவாட் திறனோடு வேலை முடிந்தது.

ஏரி எப்படிச் சிறுத்தது? ஆற்றை மறித்து, நீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி, மின்நிலையத்தில் இறக்கினார்கள். இடையிலே நூறு கிலோ மீட்டருக்கு மேல் ஆறு வளைந்தோடும் பகுதி இருக்கிறதே, அங்கே வாழ்பவர்கள் ஜுருனா, அராரா மக்கள். அவர்களுக்கு மீனே உணவு; ஆறே சாலை. அவர்களுடைய நீரில் 80 விழுக்காடு வரை வாய்க்காலுக்குப் போகிறது!

வெள்ளம் ஏறினால்தான் மீன் கரைக்காட்டுக்குள் புகுந்து முட்டையிடும். இட்டபின் நீர் இறங்கினால்? முட்டைகள் மணலிலே காயும். காய்ந்தன! ஜுருனா மக்கள் வாய்மூடி இருக்கவில்லை. விஞ்ஞானிகளைத் துணை சேர்த்தார்கள், நீரை அளந்தார்கள், மீனை எண்ணினார்கள், எந்த மாதம் எவ்வளவு நீர் வேண்டும் என்று தாங்களே கணக்குக் கொடுத்தார்கள்.

மூழ்கினால் மட்டுந்தான் அழிவா? வறண்டால் அழிவில்லையா? ஏரியின் பரப்பை மட்டும் அளப்பது அரைக்கணக்கு. குறைந்த நிலம் மூழ்கும் இடமாகப் பார். கீழே வாழ்பவனுக்கு எந்த மாதம் எவ்வளவு நீர் என்பதைச் சுவர் எழும்புமுன்னே எழுதி வை. எழுதும் மேசையில் அவனையும் உட்கார வை. அப்படி வருகிற மின்சாரந்தான் ஊருக்கு ஒளி. அவனைத் தவிக்கவிட்டு வருவது ஒருவன் வீட்டை இருட்டாக்கி மற்றவன் வீட்டில் ஏற்றும் விளக்கு!