அண்ட வரலாற்றில் விண்மீன் உருவாக்கம்

அண்ட வரலாற்றில் விண்மீன் உருவாக்கம் என்பது, பேரடைகளில் புதிய விண்மீன்கள் பிறக்கும் வீதம் காலப்போக்கில் எவ்வாறு மாறியது என்பதைக் குறிக்கும். அண்டத்தின் வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள். இவ்வீதம் படிப்படியாக உயர்ந்து, ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் உச்சத்தை அடைந்தது. அதன்பின் குறைந்து, இன்று உச்சநிலையில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே உள்ளது. நமது பால்வழியில் இன்று ஆண்டொன்றுக்குச் சூரியனைப் போல் ஓரிரு மடங்கு பொருண்மையே புதிய விண்மீன்களாக மாறுகிறது.

வளிமத்தை அளத்தல்

விண்மீன்களின் மூலப்பொருள் ஐதரசன் வளிமம். அணு ஐதரசன் குளிர்ந்து மூலக்கூறு ஐதரசனாகி, அந்த முகில்கள் சுருங்குவதால் விண்மீன்கள் பிறக்கின்றன. எனவே வீதம் குறைந்த காரணத்தை அறிய, பழங்காலப் பேரடைகளில் எவ்வளவு வளிமம் இருந்தது என அறிய வேண்டும்.

அணு ஐதரசன் 21 செ.மீ. அலைநீளத்தில், அதாவது 1420 மெகா ஏர்ட்சு அதிர்வெண்ணில், மிக மெல்லிய வானொலி அலையை உமிழ்கிறது. அண்டம் விரிவதால் இவ்வலை வரும் வழியில் நீள்கிறது. இது செம்பெயர்ச்சி எனப்படும். செம்பெயர்ச்சி 1 உடைய பேரடையின் அலை 42 செ.மீ. நீளத்தில், 710 மெகா ஏர்ட்சில் புவியை அடைகிறது.

இந்தியத் தொலைநோக்கியின் பங்கு

கோவிந்த் சுவரூப் தலைமையில் உதகமண்டலத்தில் 1970இல் வானொலித் தொலைநோக்கி ஒன்று அமைக்கப்பட்டது. பின்னர் அவரது முயற்சியால் புனேக்கு அருகில் மாபெரும் மீட்டரலை வானொலித் தொலைநோக்கி உருவானது. இதில் 45 மீட்டர் விட்டமுடைய 30 அலைவாங்கிகள் உள்ளன.

தொலைதூரப் பேரடை ஒன்றின் சமிக்ஞை தனியே புலப்படாத அளவுக்கு நலிந்தது. ஆதித்ய சௌதுரி, நிசிம் கனேகர், ஜெயராம் செங்கலூர் உள்ளிட்டோர், செம்பெயர்ச்சி முன்பே அறியப்பட்ட 7,653 பேரடைகளின் சமிக்ஞைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி கண்டனர். சராசரி எடுக்கும்போது இரைச்சல் குறைகிறது. ஐதரசனின் சமிக்ஞை மேலெழுகிறது. தனிப் பேரடையின் அளவை இம்முறை தராது. கூட்டத்தின் சராசரியையே தரும்.

முடிவுகள்

2020இல் 'நேச்சர்' இதழில் வெளியான இவ்வாய்வின்படி, ஏறத்தாழ 800 கோடி ஆண்டுகளுக்கு முன் பேரடைகளில் அணு ஐதரசன் மிகுதியாக இருந்தது. ஆயினும் விண்மீன்கள் உருவான வேகத்தில் அது 100 முதல் 200 கோடி ஆண்டுகளுக்குள் தீர்ந்துவிடும். வெளியிலிருந்து புதிய வளிமம் வந்து சேராவிட்டால் விண்மீன் உருவாக்கம் தளர்ந்தே ஆகவேண்டும்.

இதே குழு 510 மணி நேரம் நோக்கி, 11,419 பேரடைகளை ஆராய்ந்து 2022இல் முடிவுகளை வெளியிட்டது. 900 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்த சராசரி ஐதரசன் அளவு, அடுத்த 100 கோடி ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது தெரியவந்தது. செலவுக்கு ஈடாக வரவு இல்லாமற்போனதே விண்மீன் உருவாக்கம் சரிந்ததற்குக் காரணம் என்ற கருத்துக்கு இது நேரடிச் சான்றாகிறது.