ஒரு சொல்லுக்கு எட்டு விசை

புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்டுகிறவர்கள் உண்டு. துப்பறியும் கதையில் அது பாவம். வானியல் நூலில் அதுதான் முறை. சொல்லடைவில் ‘கிரகணம் 47, 112’ என்று இருந்தால் நேரே 112-க்குப் போய்விடலாம். அந்த 112 அங்கே எப்படி வந்தது?

நூல்களை அச்சுக்கு அமைக்கும் லேடெக் மென்பொருளில் எழுதுகிறவருக்குப் பக்க எண் தெரியவே வேண்டாம். ‘கிரகணம்’ என்று எழுதியதும் இடைவெளி விடாமல் ஒரு பின்சாய்கோடு, இண்டெக்ஸ் என்ற கட்டளை, நெளிவு அடைப்புக்குள் மறுபடி அதே சொல். அச்சில் இந்த ஒட்டு தெரியாது. பக்கம் அமைக்கும்போது லேடெக் அதைப் பார்த்து, சொல்லையும் பக்க எண்ணையும் தனிக் கோப்பில் ஒரு வரியாக எழுதிவைக்கும். பெஹாங் சென் 1980-களில் எழுதிய மேக்இண்டெக்ஸ் நிரல் அந்த வரிகளை அடுக்கி, ஒரே சொல்லுக்குரிய எண்களை ஒன்றாகச் சேர்த்துத் தரும்.

இதில் மனிதன் செய்ய வேண்டியது, எந்த இடத்தில் எந்தச் சொல் என்று தீர்மானிப்பது. மற்றது கூலி வேலை. கட்டளைக்கும் அடைப்புக்கும் மட்டும் எட்டு விசை. 1,500 இடங்கள் என்றால் 12,000. விரல் வலி ஒருபுறம் இருக்கட்டும். தட்டித் தட்டி அலுத்த கை, அடைப்புக்குள் சொல்லுக்கு முன்னால் ஒரு வெற்றிடத்தை விட்டுவிடும். மேக்இண்டெக்ஸ் அதை வேறொரு சொல்லாக எடுத்துக்கொண்டு, கிரகணத்துக்கு இரண்டு வரி போடும்.

லேடெக்குக்கு அடிப்படையான டெக்கை உருவாக்கிய டொனால்ட் நூத்துக்கே இந்த அலுப்பு இருந்திருக்க வேண்டும். தன் ‘டெக்புக்’ நூலுக்கு அவர் வைத்துக்கொண்ட வழி ^ குறி: அதைப் போட்டு அடைப்புக்குள் எழுதினால் சொல் பக்கத்திலும் அச்சாகும், அடைவுக்கும் போகும், இரண்டு முறை போட்டால் அடைவுக்கு மட்டும்.

நமக்கு எடிட்டர் இருக்கிறது. ஈமேக்ஸ் என்ற எடிட்டர் 1976-இல் பிறந்ததே மேக்ரோக்களின், அதாவது பல விசைகளின் வேலையை ஒன்றாகக் கட்டிய கட்டளைகளின், மூட்டையாகத்தான். பெயரிலும் அதுவே ஒளிந்திருக்கிறது. எஃப்-3 தட்டி ஒருமுறை வேலையைச் செய்துகாட்டி, எஃப்-4 தட்டி முடித்தால், அடுத்தடுத்த எஃப்-4 ஒவ்வொன்றும் அதையே செய்யும். அதைவிடச் சுகம், வானியலாளர் கார்ஸ்டன் டொமினிக் ஈமேக்ஸுக்காக எழுதிய ரெஃப்டெக் என்ற துணைநிரல். சொல்லின் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல்-சி, பிறகு சாய்கோடு. முடிந்தது. கண் வரியைவிட்டு நகரவில்லை, வாசிப்பு அறுபடவில்லை. மிச்சமான விசைகளைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

நூல் முழுக்க ‘தேடு, மாற்று’ என்று ஒரே வீச்சில் முடித்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். சூரியனைப் பற்றிய நூலில் ‘சூரியன்’ என்ற சொல்லுக்கு நேரே முந்நூறு எண்கள் வந்து நிற்கும். ரெஃப்டெக்கில் சொற்பட்டியல் கொடுத்துத் தேட வைக்கலாம். ஆனால் ஒவ்வோர் இடத்திலும் நின்று, போடவா வேண்டாமா என்று கேட்கும்.

தமிழ் நூல் என்றால் இன்னொரு சிக்கல். நம் வாக்கியங்களில் ‘கிரகணம்’ எங்கே தனியாக நிற்கிறது? கிரகணத்தின், கிரகணத்தை, கிரகணத்தன்று. கர்சர் நிற்கும் சொல்லை அப்படியே அள்ளினால் அடைவில் வேற்றுமை உருபுகள் அணிவகுக்கும். அங்கே கன்ட்ரோல்-சி தட்டி < தட்ட வேண்டும்; ஏற்கெனவே உள்ள பதிவுகளிலிருந்தே சொல்லை நிரப்பிக்கொள்ளலாம்.

அகர வரிசையும் தகராறுதான். யூனிகோடில் ‘ன’ எழுத்து ‘ந’வை அடுத்து உட்கார்ந்திருக்கிறது, நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். எண் வரிசையை நம்பி அடுக்கினால் ‘மரம்’ என்பதற்கு முன்னால் ‘மனம்’ வந்துவிடும். இதற்கு @ குறி இருக்கிறது: அதன் இடப்பக்கம் அடுக்குவதற்கான சாவி, வலப்பக்கம் அச்சாகும் சொல். நெடுங்கணக்குப்படி எழுத்துக்கு எழுத்து ஒரு சாவி போடும்படி சின்னதாக ஒரு மேக்ரோ எழுதி அதே விசையில் கட்டிவிட்டால் மரம் முன்னே, மனம் பின்னே.