ஒரே நாளில் ஏழு மலை... உச்சியைத் தொட்டால் பாதிதான் முடிந்தது!

மகா சிவராத்திரி வந்துவிட்டால், பேச்சிப்பாறைக்குக் கீழே குலசேகரம், திற்பரப்பு சாலைகளில் காவி வேட்டிகளாகத்தான் தெரியும். கையில் விசிறி, வாயில் 'கோவிந்தா, கோபாலா!' முஞ்சிறை திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 சிவாலயங்கள், சுமார் 110 கிலோமீட்டர். சிவாலய ஓட்டம் குமரி மாவட்டத்துக்காரர்களின் கால்களுக்குப் பழகிய ஒன்று.

இப்படி நடந்து பழகியவர்களுக்கு, 'அடுத்து மலை ஏறினால் என்ன?' என்று தோன்றுவது இயல்பு. பேச்சிப்பாறை அணைக்குப் பின்னால் தெரியும் மலைகளில் நினைத்தபடி ஏற முடியாது, அது காப்புக்காடு. அடுத்தடுத்து மலைகளை ஒரே மூச்சில் கடக்க ஆசைப்படுபவர்கள் போவது, கோவை பூண்டியிலுள்ள வெள்ளியங்கிரிக்கு. ஏழு மலைகள், ஏழாவதில் குகைக்குள் சுயம்பு லிங்கம்.

போகவர சுமார் 12 கிலோமீட்டர்தான். 110 கிலோமீட்டர் நடந்தவருக்கு இது எம்மாத்திரம்? இந்த எண்ணத்தில்தான் ஆபத்து இருக்கிறது. வெள்ளியங்கிரிப் பாதையில் மூச்சுத்திணறியும் மாரடைப்பாலும் பக்தர்கள் இறந்த செய்திகள் சமீப ஆண்டுகளில் அடிக்கடி வந்திருக்கின்றன.

தூரத்தைவிட உயரம் முக்கியம்

இங்கே அந்த ஆறு கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். முதல் மலையின் படிகளே செங்குத்தானவை. ஆறாவது மலையில் ஆண்டி சுனைக்கு இறங்கி, பிறகு ஏழாவதில் ஏற வேண்டும். திரும்பும்போது, அங்கே இறங்கியதை மறுபடி ஏறியாக வேண்டும்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் மூன்று மலைகளை 12 மணி நேரத்துக்குள் ஏறி இறங்குவது பிரபலம். அவற்றில் உயரமானதே 736 மீட்டர்தான். ஆனால், மூன்றிலும் ஏறும் உயரத்தைக் கூட்டினால் 1,500 மீட்டரைத் தாண்டும். ஒவ்வொரு இறக்கத்திலும் ஏறிய உயரம் கைவிட்டுப் போகிறது. அடுத்த மலையில் மறுபடி சம்பாதிக்க வேண்டும்.

இறங்கும்போதுதான் சோதனை

ஏறும்போது மூச்சு வாங்கும்; இறங்கும்போது தொடையும் முழங்காலும் வாங்கிக்கட்டிக்கொள்ளும். உடம்பு உருண்டுவிடாமல் தொடைத்தசை ஒவ்வோர் அடியிலும் பிரேக் பிடிக்கிறது. மறுநாள் படி இறங்க முடியாமல் வலிப்பதும் இதனால்தான். களைத்த காலில்தான் சறுக்கலும் அதிகம். அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை ஏறுவதைவிட இறங்குவதற்காகவே வாங்குங்கள்.

போகும் முன் கவனிக்க...

* வனத்துறை வழக்கமாகப் பிப்ரவரி முதல் மே வரைதான் அனுமதிக்கிறது. நிலவரத்தை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

* இதயநோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.

* ஒரு மாதமாவது மாடிப்படி ஏறி இறங்கிப் பழகுங்கள். சமதள நடை மட்டும் போதாது.

* தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உச்சியில் குளிர்காற்று வீசும், போர்வை அவசியம்.

* தனியாகப் போகாதீர்கள். குழுவில் மெதுவாக நடப்பவர் வேகமே எல்லோருடைய வேகமாக இருக்கட்டும்.

* நெஞ்சு அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே உட்காருங்கள். உடன் வருபவரிடம் சொல்லி உதவி கேளுங்கள்.

நாலாவது மலையிலேயே கால் நடுங்கினால், அதோடு திரும்புவதில் வெட்கமில்லை. ஏறிய மூன்றையும் இறங்குவதற்கு இன்னும் தெம்பு வேண்டும். அடுத்த மாசியிலும் பாதை திறக்கும்.