ஸ்வெட்டர் ஊசிக்கும் யானைக்கும் என்ன சம்பந்தம்? "என்ன மரம்?" என்று கேட்டு வாங்குங்கள்!

ஓசூர்,

மார்கழி பிறந்துவிட்டால் ஓசூரில் விடியற்காலைக் குளிர் எலும்பு வரை இறங்கும். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 3 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஊர். "குட்டி இங்கிலாந்து" என்று வெள்ளைக்காரர்கள் காலத்திலேயே பெயர் வாங்கியது. சிப்காட்டுக்கு முதல் ஷிப்டு போகிற தொழிலாளி, பெங்களூர் பஸ்சைப் பிடிக்க ஓடுகிற குமாஸ்தா, கடைக் கதவைத் தூக்குகிற வியாபாரி, எல்லார் உடம்பிலும் ஸ்வெட்டர்தான்.

இதில் முக்கால்வாசி மிஷின் பின்னியது. ஆனால் கையால் பின்னும் பழக்கத்துக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கில் வீட்டோடு அடைந்து கிடந்தபோது, உலகம் முழுக்கப் பலர் ஊசியும் உல்லன் நூலும் கையில் எடுத்தார்கள். அப்போது பிடித்த ஆசை பலருக்கு இன்னும் விடவில்லை.

ஊசியும் பழைய ஊசி இல்லை. வானவில் மாதிரி வரி வரியாகக் கலர் ஓடும் மர ஊசி, வழவழப்பான மூங்கில் ஊசி, கருஞ்சிவப்பு ஈட்டி மர ஊசி என்று கொள்ளை அழகு! விலையும் கொஞ்சம் ஒசத்திதான். அட்டையில் "இயற்கையானது", "சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லாதது" என்று வேறு போட்டிருக்கும்.

அது நிஜம்தானா? இந்தக் கேள்வியை ஓசூர்க்காரர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். ஏன் என்றால், ஸ்டைல் ஊசிக்காக உலகம் இதுவரை கை வைத்த பொருள்களில் இரண்டு, நம்ம எல்லைக் காட்டில் இருப்பவை. ஒன்று யானைத் தந்தம். இன்னொன்று மூங்கில்.

தந்தத்தில் ஊசி

ஒரு காலத்தில் சீமையில் பணக்கார வீட்டுப் பெண்கள் தந்தத்தில் கடைந்த ஊசியால் பின்னினார்கள். அழுங்காமை என்ற கடல் ஆமையின் ஓட்டிலும் ஊசி செய்தார்கள். ஏழை வீட்டில் எலும்பு, மரம், இரும்புக் கம்பி.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலில் இருந்து எடுக்கும் கேசின் என்ற பொருளைக் கொண்டு ஒருவகை பிளாஸ்டிக் செய்தார்கள். அதற்குத் தந்தம் மாதிரியும் ஆமை ஓடு மாதிரியும் சாயம் ஏற்றி ஊசியாக விற்றார்கள். அசலுக்கு இருந்த கிராக்கி அப்படி!

தந்தத்துக்கு விலை கொடுத்தது யார்? யானை. 1970, 80-களில் தென்னிந்தியக் காடுகளில் கொம்பன் யானைகள் குறிபார்த்துச் சுடப்பட்டன. அந்தத் தந்தம் சிலையாகவும், வளையலாகவும், அலங்காரப் பொருளாகவும் போனது. தமிழக-கர்நாடக எல்லைக் காடுகளில் முதலில் தந்தம், பிறகு சந்தன மரம் என்று கடத்திய வீரப்பன், 2004 அக்டோபர் 18-ந்தேதி தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே அதிரடிப்படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டான்.

சட்டமும் படிப்படியாக இறுகியது. 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977-ல் யானை அதன் முதல் பட்டியலில் ஏறியது. 1986-ல் இந்திய யானைத் தந்த வியாபாரத்துக்குத் தடை. 1991-ல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் தடை. இன்று தந்தப் பொருளை விற்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு ஜெயில். 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அபராதமும் குறைந்தது 25 ஆயிரம் ரூபாய்.

ஆகவே, பாட்டி காலத்துப் பெட்டியில் தந்த ஊசி ஏதாவது கிடைத்து, "பழைய பொருள்தானே, வித்துடலாம்" என்று நினைத்தால், மாட்டிக்கொள்வது நிச்சயம்.

நீலகிரி ஊசி, சுப்ரீம் கோர்ட்டு வழக்கு

தமிழ்நாட்டுக்கு ஊசித் தொழில் புதிதல்ல. 1949-ல் நீலகிரி மாவட்டம் கேத்தியில் ‘நீடில் இண்டஸ்ட்ரீஸ்’ கம்பெனி தொடங்கியது. இங்கிலாந்தின் ஸ்டட்லி நகர ஊசிக் கம்பெனிதான் அதன் தாய். தையல் ஊசி, பின்னல் ஊசி எல்லாம் ‘போனி’ என்ற பெயரில் கடைகளுக்கு வந்தன.

ஊசி சின்னது. ஆனால் அதற்கு நடந்த சண்டை பெரிசு! 1974-ல் அமலுக்கு வந்த அன்னியச் செலாவணிச் சட்டப்படி, 60 சதவீதமாக இருந்த வெளிநாட்டார் பங்கை 40-ஆகக் குறைக்க வேண்டி வந்தது. அதற்காக 1977-ல் புதிய பங்குகள் வெளியிட்டதில் தகராறு. சென்னை ஐகோர்ட்டுக்குப் போய், பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனது.

1981 மே 7-ந்தேதி தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட் தீர்ப்பு சொன்னார். பங்கு வெளியீடு செல்லும். ஆனால் இந்தியத் தரப்பு, வெளிநாட்டுக் கம்பெனிக்கு 8 லட்சத்து 54 ஆயிரத்து 550 ரூபாய் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. கம்பெனிச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கிற வழக்கு இது.

அந்தக் காலத்துச் சாம்பல் நிற அலுமினிய ஊசி இன்னும் பல வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும். பார்க்க ஸ்டைல் இல்லை. ஆனால் துருப்பிடிக்காது, மக்காது, மகள் வரை, பேத்தி வரை வரும். கடைசியில் பழைய சாமான் கடைக்குப் போனாலும் நஷ்டம் இல்லை. பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிதாக்க, தாதுவில் இருந்து எடுப்பதற்கு ஆகும் சக்தியில் சுமார் 5 சதவீதம் போதும்.

பழைய ஊசியில் நம்பர்தான் இருக்கும். புதிய டிசைன் புத்தகத்தில் மில்லி மீட்டர் கணக்கு. குழம்ப வேண்டாம். 8-ம் நம்பர் என்றால் 4 மி.மீ. 10-ம் நம்பர் 3.25 மி.மீ. 14-ம் நம்பர் 2 மி.மீ. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். அவ்வளவுதான் கணக்கு.

ஈட்டி மரத்துக்கு வந்த ஆபத்து

தந்தம் போன பிறகு ‘ராஜா ஊசி’ என்ற இடத்தைப் பிடித்தது ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வார்கள். கனம், பளபளப்பு, கையில் பிடித்தால் ஒரு சுகம். ஆனால் இந்த மரம் முதிர்ந்து வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டுவதற்கோ அரை நாள் போதும்.

1994-ல் தமிழக அரசு ஈட்டி மரப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் கொண்டு வந்தது. சொந்தப் பட்டா நிலத்து மரத்தைக்கூட அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்றது அந்தச் சட்டம். 2017 ஜனவரி 2-ந்தேதி முதல் ஈட்டி மரக் குடும்பம் முழுவதும் உலக நாடுகளின் ‘சைட்டீஸ்’ ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019-ல் மட்டும் ஒரு தளர்வு. ஒரு பார்சலில் 10 கிலோவுக்கு மேற்படாத ஈட்டி மரச் சாமானுக்கு விலக்கு கொடுத்தார்கள்.

இங்கேதான் விஷயம். ஒரு ஜோடி ஊசி 10 கிராம் என்று வைத்தால், 10 கிலோவில் ஆயிரம் ஜோடி அடங்கும்! அதாவது ஊசிப் பார்சல் ஒப்பந்த விதியில் மாட்டாமலே தாண்டிவிடலாம். மரம் முறைப்படி வெட்டியதா, திருட்டு மரமா என்று வாங்குகிறவர் கேட்டால்தான் உண்டு.

கலர் ஊசி பிறப்பது எப்படி?

வானவில் ஊசியின் ரகசியம் இதுதான். பிர்ச் என்ற குளிர்நாட்டு மரத்தை அப்பளம் மாதிரி மெல்லிய தகடுகளாகச் சீவுகிறார்கள். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு சாயம். பிறகு பிசின் தடவி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சூட்டில் வைத்து அழுத்துகிறார்கள். கட்டையாக இறுகியதும் குச்சியாக அறுத்து, உருண்டையாகக் கடைந்து, முனை கூராக்கி, மெருகு போடுகிறார்கள். ஊசியில் தெரியும் வரிகள் அந்தத் தகடுகள்தான். நொய்டாவைச் சேர்ந்த ‘நிட்ப்ரோ’ இந்த வகை ஊசியால் வெளிநாடுகளில் பெயர் வாங்கியது.

இதில் நல்லது என்ன? பிர்ச் வேகமாக வளரும் மரம். ஈட்டிக்குப் பதில் இதை வாங்கினால் பழைய காட்டு மரம் தப்பிக்கும். குறை என்ன? உள்ளே பிசின் இருப்பதால் சும்மா கிடந்து மண்ணோடு மண்ணாகிவிடாது. ஆகவே, "இயற்கையானது" என்ற வார்த்தையை முழுசாக நம்பக்கூடாது. ஒடியாமல் பல வருஷம் உழைத்தால்தான் லாபம்.

மூங்கில் யாருக்கு?

மூங்கில் ஊசியைப் பிரபலமாக்கியதில் ஜப்பானின் ஒசாகா நகரத்து ‘குளோவர்’ கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. கனம் இல்லை, குளிரில் கை சில்லிடாது, கண்ணி வழுக்காது. மூங்கில் புல் வகை. 3 முதல் 5 வருஷத்தில் முற்றும். வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும். இதைவிட நல்ல பொருள் உண்டா?

உண்டு, இல்லை என்று இரண்டும் சொல்லலாம். எங்கே வெட்டியது என்பதைப் பொறுத்தது. காட்டு மூங்கில் யானையின் தீவனம். 2014-ல் 504 சதுர கிலோ மீட்டரில் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022-ல் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோ மீட்டர் காவிரி தெற்கு சரணாலயம் ஆனது. இப்படி யானைக்கென்று ஒதுக்கிய காடுகளிலேயே தீவனம் குறைந்தால் அது எங்கே போகும்?

எங்கே போகும் என்று தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். கேழ்வரகு கதிர் முற்றும் காலத்தில் பன்னார்கட்டா பக்கம் இருந்து கூட்டம் கூட்டமாக யானைகள் இறங்கும். சானமாவு காட்டில் முகாம் போட்டால் சுற்றுக் கிராமங்களில் ராத்தூக்கம் கிடையாது. பயிர் போகிறது. சில சமயம் உயிரும் போகிறது.

ஆகவே காட்டு மூங்கில் யானைக்கே இருக்கட்டும். ஊசிக்குப் பட்டா நில மூங்கில் வரட்டும். 2017-ல் மத்திய அரசு இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை ‘மரம்’ என்ற பட்டியலில் இருந்து நீக்கிவிட்டது. கல் மூங்கில் உள்ளே கிட்டத்தட்ட கெட்டியாக இருக்கும். கடைவதற்குத் தோதானது. டைட்டன் கடிகாரமும், டி.வி.எஸ். வண்டியும் செய்கிற ஊர் ஓசூர். நுணுக்கமான லேத் வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சம் இல்லை. வயலில் மூங்கில், பட்டறையில் ஊசி என்று ஒரு சிறுதொழில் இங்கே கிளம்பினால் விவசாயிக்கும் காசு, காட்டுக்கும் நிம்மதி.

கேட்டு வாங்குங்கள்

பின்னல் ஊசி வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது:-

முதலில் வீட்டுப் பரணைத் தேடுங்கள். பழைய அலுமினிய ஊசி இருந்தால் புதுசே தேவைப்படாது.

மர ஊசி என்றால், "அண்ணே, இது என்ன மரம்? எங்கே இருந்து வந்தது?" என்று கேளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஈட்டி மரம் என்று சொன்னால், சட்டப்படி வெட்டிய மரம் என்பதற்கு அத்தாட்சி கேளுங்கள். ஏற்றுமதிக்காரர்களுக்குக் கைவினைப்பொருள் ஏற்றுமதி கவுன்சில் ‘விருக்ஷ்’ என்ற சான்று வைத்திருக்கிறது. மற்ற மரங்களுக்கு அட்டையில் ‘எப்.எஸ்.சி.’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

"தந்தம்", "ஆமை ஓடு" என்று யாராவது ரகசியமாக நீட்டினால், தொடாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கேட்ட கேள்விக்குக் கடையில் பதில் இல்லை என்றால், அந்த ஊசியை வைத்துவிட்டு சாம்பல் நிற அலுமினிய ஊசியையே வாங்கி வரலாம். விலையும் குறைவு. ஸ்வெட்டர் குளிர் தாங்குவதில் ஒரு குறையும் இருக்காது.