கைநாட்டு வைக்கும் முன் கேளுங்கள்

சர்க்கரைப் புண்ணோடு வார்டில் படுத்திருந்த என் அத்தையிடம், மேற்படிப்பு படிக்கும் இளம் டாக்டர் ஒருவர் மை டப்பாவும் காகிதமுமாக வந்தார். “பாட்டிம்மா, இங்க ஒரு கைநாட்டு” என்றதும் அத்தை பெருவிரலை நீட்டிவிட்டார். காலுக்கு மருந்து போடத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். அது டாக்டரின் ஆய்வுக்கான ஒப்புதல் என்பது மாலையில் நான் போன பிறகுதான் தெரிந்தது.

ஆய்வே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எம்.டி., எம்.எஸ். படிப்பவர்கள் ஆய்வேடு எழுதியாக வேண்டும். எந்தப் புண் எத்தனை நாளில் ஆறுகிறது, எந்த வார்டில் கிருமித்தொற்று கூடுகிறது என்பதெல்லாம் நோயாளிகளைக் கவனித்துக் கணக்கெடுத்தால்தான் தெரியும். ஆனால் தான் ஆய்வில் இருப்பது நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2009-இல் அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பார்த்தோம். கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுக்காகப் பழங்குடிச் சிறுமிகள் உட்படப் பலருக்கு ஊசி போட்டார்கள். ஆந்திராவில் பார்க்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-இல் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். பெற்றோர் இருக்கும்போது காப்பாளர் எப்படிச் சம்மதிக்கலாம்? 2013-இல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. ஆய்வில் இருந்த சில சிறுமிகள் இறந்தார்கள்; அதற்குத் தடுப்பூசிதான் காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. அந்தத் தடுப்பூசியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தவறு, சம்மதம் வாங்கிய விதத்தில் இருந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. ஆய்வு எதற்கு, என்ன செய்வார்கள், என்ன ஆபத்து என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் தொடக்கம் முதல் கூட இருந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். தகவல் தாளும் படிவமும் ஒரு நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். மாட்டேன் என்று சொல்லலாம், பாதியில் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

மறுநாள் நாங்கள் கேட்டதும் அந்த டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தமிழ்த் தாளை வரிவரியாகப் படித்துக் காட்டினார். அத்தைக்கு ஒரே கேள்விதான்: “எத்தனை தடவ ரத்தம் எடுப்பீங்க?” “ரெண்டு தடவ, பாட்டிம்மா.” சரி என்றார். முதல் நாளே செய்திருந்தால் பத்து நிமிட வேலை.

ஆய்வால் உடலுக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் கேட்கலாம். புதிய மருந்துச் சோதனைகளில் 2019 விதிகள் இதைச் சட்டப்படியே கட்டாயமாக்கியிருக்கின்றன. முதலில் ஆய்வு செய்யும் டாக்டரிடம் சொல்லுங்கள். அசைந்து கொடுக்காவிட்டால், ஆய்வுக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கள். வெளியாட்களும் சட்டம் தெரிந்தவரும் அதில் இருப்பார்கள். குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் தகவல் தாளிலேயே இருக்க வேண்டும். நகலை ஓ.பி. சீட்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.